டெல்டாவில் மிச்சமிருப்பவர்கள் யார்?

1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கும்பகோணத்தில் ஏறக்குறைய 60 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். தஞ்சாவூரிலும் நாகப்பட்டினத்திலும் தலா 57 ஆயிரத்துக்கு மேல். அதே கணக்கெடுப்பில் கோயம்புத்தூரின் எண்ணிக்கை 53 ஆயிரம்தான். காவிரிப் பாசனத்தின் மூன்று ஊர்களும் ஒரு காலத்தில் கோவையைவிடப் பெரியவை என்று இன்று சொன்னால் நம்ப ஆள் கிடைக்காது. 2011-இல் கோவை மாநகராட்சி பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது; கும்பகோணம் 1 லட்சத்து 40 ஆயிரத்தில் நின்றது. பத்தாண்டு கழித்து கும்பகோணமும் மாநகராட்சி ஆனது. எப்படி? ஒட்டியிருந்த தாராசுரம் பேரூராட்சியைச் சேர்த்துக்கொண்டு. ஆகவே அடுத்த கணக்கெடுப்பின் பட்டியலில் தாராசுரம் என்ற பேரூராட்சிக்குத் தனி வரி இருக்காது. கும்பகோணத்தின் எண்ணிக்கையோ கூடியிருக்கும். அதைப் பார்த்து டெல்டா வளர்கிறது என்று யாராவது எழுதினால் வியப்பதற்கில்லை. உண்மை வேறு. இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் 1901-இல் வாழ்ந்த 1.92 கோடிப் பேரில் 22 லட்சத்துக்கும் அதிகமானோர், அதாவது நூற்றில் பதினொருவருக்கு மேல், பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தார்கள். 2011-இல் அந்த மாவட்டத்திலிருந்து பிரிந்த தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றையும் கூட்டினால் 52.87 லட்சம், மாநிலத்தில் நூற்றுக்கு ஏழு பேர். அறந்தாங்கிப் பகுதி புதுக்கோட்டைக்குப் போனது போன்ற எல்லை மாற்றங்களைக் கழித்துப் பார்த்தாலும் சரிவு சரிவுதான்.

இந்தச் சரிவுக்குக் காரணம் குழந்தைகள் குறைந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பாதி விளக்கம்தான் அது, அதுவும் சிறிய பாதி. 2001-க்கும் 2011-க்கும் இடையில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. தஞ்சாவூரிலும் நாகப்பட்டினத்திலும் 8.6 சதவீதத்தை எட்டவில்லை, திருவாரூரில் 8.1 சதவீதம். ஏறத்தாழ மாநில வேகத்தில் பாதி. அப்படியானால் தஞ்சாவூர்க்காரர்கள் மற்றவர்களில் பாதிக் குழந்தைகளையா பெற்றார்கள்? இல்லை. 2011-இல் ஆறு வயது வரையிலான குழந்தைகளின் பங்கு தஞ்சாவூரில் ஏறக்குறைய பத்து சதவீதம். மாநிலத்திலும் பத்தை ஒட்டியே இருந்தது. பிறப்பில் பெரிய வேறுபாடு இல்லாதபோது வளர்ச்சியில் இவ்வளவு வேறுபாடு வந்தால், இடைவெளியை நிரப்புவது ஒன்றுதான்: பிறந்தவர்கள் போய்விட்டார்கள். இன்னொரு தடயமும் இருக்கிறது. அதே ஆண்டு தஞ்சாவூர் மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1,035 பெண்கள். ஆண்களைவிட 41 ஆயிரம் பெண்கள் அதிகம். பெண்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்பது இதற்கு விடையாகாது. அவர்கள் தமிழ்நாடு முழுவதும்தான் நீண்ட நாள் வாழ்கிறார்கள், ஆனால் மாநில விகிதம் 996, சென்னையில் 989. தஞ்சாவூரின் குழந்தைகளிலும் ஆண்களே அதிகம். தொட்டிலில் இருந்த ஆண், வேலைக்குப் போகும் வயதில் கணக்கிலிருந்து காணாமல் போகிறான். சென்னையின் விகிதத்தில் அவன் இருக்கிறான், திருப்பூரில் இருக்கிறான், சிங்கப்பூரில், துபாயில் இருப்பவனோ நம்முடைய எந்தப் பட்டியலிலும் இல்லை.

இது புதிதும் அல்ல. 1891-க்கும் 1901-க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் தஞ்சாவூர் மாவட்ட மக்கள்தொகை ஒரு சதவீதம்கூடக் கூடவில்லை. அது நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் கப்பலாக ஆட்கள் ஏறிய காலம். பர்மாவுக்கும் இலங்கைக்கும் போனவர்கள் தனி. கூத்தாநல்லூருக்குச் சின்ன சிங்கப்பூர் என்று பெயர் வந்ததும், நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பாபநாசத்துக்குப் பக்கத்து ராஜகிரி, பண்டாரவாடை முஸ்லிம் குடும்பங்களில் சபுராளி (கடல் கடந்து பிழைக்கப் போனவர்) இல்லாத வீடு அபூர்வமானதும் இந்த நீண்ட வரலாற்றின் மிச்சம். நிலத்தை உழுதவர்கள் தோட்டக் கூலிகளாய்ப் போனார்கள். நிலத்தை வைத்திருந்தவர்கள் வேறு வழியில் போனார்கள். 1961-62-இல் திருவையாறு பக்கத்து ஊர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த ஆந்த்ரே பெத்தேல், அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்து எழுதிய நூலில், அக்ரகாரத்துக் குடும்பங்கள் நிலத்தை விட்டு நகரத்துக்கு நகர்வதை அப்போதே விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அவருக்குப் பத்தாண்டு முன்பு கும்பாப்பேட்டை என்ற புனைபெயரிட்ட கிராமத்தில் தங்கி ஆய்வு செய்த கேத்லீன் கஃப் கண்டதும் குலையத் தொடங்கியிருந்த ஒரு நிலவுடைமையைத்தான். முதலில் படித்தவர்கள், பிறகு நிலம் விற்றவர்கள், பிறகு நிலமே இல்லாதவர்கள் என்று வரிசையாக ஊரை விட்டார்கள். திருவாரூர் மாவட்ட மக்களில் 34 சதவீதம் பட்டியல் சாதியினர். மாநிலத்திலேயே இதுதான் உயர்ந்த விகிதம். 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பகுதியும் இந்த நெல் நாடுதான். கூலிக்கும் மரியாதைக்கும் ஊரை விட்டு வெளியேறுவதே வழி என்று ஒரு தலைமுறை முடிவெடுத்திருந்தால், அதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

வெளியேற்றம் ஒரு நாட்டின் மக்கள்தொகையை என்ன செய்யும் என்பதற்குத் தென் அமெரிக்காவில் ஒரு தெளிவான சான்று இருக்கிறது. கயானா. 1838-இலிருந்து 1917 வரை ஏறக்குறைய 2 லட்சத்து 39 ஆயிரம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார்ப் பகுதியினர். சென்னையிலிருந்து கப்பலேறிய சிறு கூட்டம் கொண்டுபோன மாரியம்மன் வழிபாடு அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த கடலோரச் சமவெளியில் கரை கட்டி, வாய்க்கால் வெட்டி நெல் விளைவிக்கும் நாடு. மக்களில் பெரும்பாலோர் அந்த ஒடுங்கிய கரையிலேயே வாழ்கிறார்கள். நம் கடைமடைக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும் நிலம். 2002-இல் அதன் மக்கள்தொகை 7,51,223. பத்தாண்டு கழித்து 7,46,955. அங்கே பெண்கள் தமிழ்நாட்டுப் பெண்களைவிடக் கூடுதலாகக் குழந்தை பெறுகிறார்கள், ஆண்டுதோறும் இறப்பைவிடப் பிறப்பு அதிகம். ஆனாலும் எண்ணிக்கை குறைந்தது. பிறந்தவர்கள் வளர்ந்து நியூயார்க்கிலும் டொராண்டோவிலும் குடியேறிவிட்டார்கள். 2019-இல் கடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் காற்று திரும்பியது. வெனிசுலாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், போன கயானாக்காரர்களும் ஓரளவு திரும்புகிறார்கள். ஆட்களை ஊரில் நிறுத்திவைப்பது பிறப்பு விகிதமல்ல, வேலைதான் என்பதை இதைவிட வெளிப்படையாக ஒரு நாடு சொல்ல முடியாது.

இந்தப் பின்னணியில்தான் அரசியல் மேடைகளில் எழும் புதிய குரலைக் கேட்க வேண்டும். 2025 மார்ச்சில் மு.க. ஸ்டாலின் முதல்வராக நாகப்பட்டினத்தில் ஒரு திருமண விழாவில் பேசியபோது, முன்பெல்லாம் நிதானமாகக் குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்று வாழ்த்தியவர்கள், தொகுதி மறுவரையறை வரும் நிலையில் உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்றார். ஆந்திரத்தில் சந்திரபாபு நாயுடு அரசு, இரண்டு குழந்தைக்கு மேல் உள்ளவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற பழைய விதியையே 2024-இல் நீக்கிவிட்டது. கவலை நியாயமானது. மாதிரிப் பதிவு முறையின் 2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 1.3, ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்ய 2.1 வேண்டும். பீகாரில் 2.8. ஆனால் நோய் சரியாகச் சொல்லப்பட்டாலும் மருந்து தவறு. கோடிக்கணக்கில் பணம் கொடுத்துப் பார்த்த தென் கொரியாவில் 2023-இல் விகிதம் 0.72-க்கு இறங்கியது. குழந்தைக்குப் பரிசுத்தொகையும் வீட்டுச் சலுகையும் பல ஆண்டுகளாகத் தரும் சிங்கப்பூரில் அதே ஆண்டு ஒன்றுக்கும் கீழே போனது. படித்த, சம்பாதிக்கிற பெண் எத்தனை குழந்தை என்பதைத் தானே முடிவு செய்யத் தொடங்கிய எந்த ஊரிலும் மேடைப் பேச்சு அதை மாற்றியதில்லை. அப்படியே மாறினாலும் டெல்டாவுக்கு என்ன கிடைக்கும்? தாராசுரத்தில் கூடுதலாக ஒரு குழந்தை பிறந்தால், இருபது ஆண்டு கழித்து ஒரகடத்துக்கோ பெங்களூருக்கோ கூடுதலாக ஓர் இளைஞன் கிடைப்பான்.

தொகுதிகளை இழந்துவிடுவோமே என்ற மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. குடும்பக் கட்டுப்பாட்டைச் செம்மையாக நடத்திய மாநிலம் அதற்காகவே மக்களவையில் குரல் குறைந்து நிற்பது அநீதி. 1967-க்கு முன் 41 உறுப்பினர்களை அனுப்பிய தமிழ்நாடு அதன் பிறகு 39 பேரையே அனுப்புகிறது என்பதும் மறக்கத்தக்கதல்ல. ஆனால் இன்று பிறக்கும் குழந்தை 2027 கணக்கெடுப்பின் தலைவிதியை மாற்றப்போவதில்லை. 1976-லும் 2001-லும் தொகுதிப் பங்கீட்டை மாற்றாமல் நிறுத்திவைத்ததைப் போல அரசியல் சட்டத்தின் வழியாகவே அதற்குத் தீர்வு காண முடியும். 15-ஆவது நிதிக்குழு மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5 சதவீத மதிப்பு கொடுத்ததைப் போன்ற ஏற்பாடுகளை விரிவாக்க வேண்டும். இதே இடத்தில் சென்னையிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. டெல்லி நமக்குச் செய்யப்போவதாக நாம் அஞ்சுவதைத் தமிழ்நாடு டெல்டாவுக்கு ஏற்கெனவே செய்துவிட்டது. 2001 கணக்கெடுப்பை வைத்து 2008-இல் சட்டமன்றத் தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டபோது வலங்கைமான், திருவோணம், குத்தாலம் என்ற தொகுதிகள் வரைபடத்திலிருந்து மறைந்தன; கீழ்வேளூர் என்று ஒன்று சேர்ந்தது. சென்னையைச் சுற்றிச் சோழிங்கநல்லூர், மாதவரம், மதுரவாயல், ஆவடி, பல்லாவரம் என்று புதிய தொகுதிகள் எழுந்தன. ஆள் எண்ணிக்கைப்படி பார்த்தால் இது முறைதான். ஆனால் ஆள் எண்ணிக்கை மட்டுமே அளவுகோலாக இருக்கக் கூடாது என்று டெல்லியில் வாதாடுபவர்கள், மாநிலத்துக்குச் சோறு போட்டதால் வளராமல் நின்ற வட்டாரத்துக்கு அதே வாதத்தைக் கோட்டையில் நீட்டிக்க வேண்டாமா? அடுத்த மறுவரையறையில் மாநிலத்துக்கு எத்தனை தொகுதி கிடைத்தாலும் டெல்டாவின் பங்கு மறுபடி சுருங்கும். இதைப் பற்றி எந்தக் கட்சியும் பேசுவதாகத் தெரியவில்லை.

போனவர்களைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, வந்தவர்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தாராசுரம் இதற்கு நல்ல ஊர். இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலால்தான் உலகுக்கு அது தெரியும். 2004-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பெற்றது. கோயிலைச் சுற்றி வாழ்கிற ஊரைச் சுற்றுலாப் பயணி கவனிப்பதில்லை. தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் வீட்டுக்குள் பேசப்படுவது சௌராஷ்டிரம். குஜராத்திலிருந்து கிளம்பிப் பல தலைமுறைகளாகத் தெற்கே நகர்ந்த நெசவுச் சமூகம் மதுரையிலும் சேலத்திலும் கும்பகோணம் பகுதியிலும் பட்டுத்தறியோடு காலூன்றியது. 2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நாடு முழுவதும் சுமார் இரண்டரை லட்சம். மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டில். அடுத்த தெருவில் நாயக்கர் ஆட்சியோடு வந்த தெலுங்குக் குடும்பங்கள் இருக்கும். 1676 முதல் 1855 வரை ஆண்ட மராத்தியரின் வழியில் வந்தவர்கள் தஞ்சாவூரில் இன்னும் வீட்டில் மராத்தி பேசுகிறார்கள். நாயக்க மன்னர் மூவரிடம் அமைச்சராக இருந்து கும்பகோணத்தின் இன்றைய முகத்துக்குப் பெரிதும் காரணமான கோவிந்த தீட்சிதரே கன்னடம் பேசிய குடும்பத்தவர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் சேர்த்து எண்ணுவதென்று மத்திய அமைச்சரவை 2025-இல்தான் முடிவெடுத்தது. தாராசுரத்துச் சிற்பிகள் கருவறைச் சுவரின் கீழ்வரிசையில் அரசர், அந்தணர், வணிகர், வேடர், குயவர், வண்ணார், மீனவர் என்று எல்லாக் குலத்து நாயன்மாரையும் 800 ஆண்டுக்கு முன்பே வரிசைப்படுத்தி வைத்துவிட்டார்கள். யாரையும் விடவில்லை என்பதைக் கணக்கெடுப்பாளர்கள் கவனிக்கலாம்.

இப்போது வருகிறவர்கள் மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறார்கள். உணவகத்திலும் கட்டட வேலையிலும் அரிசி ஆலையிலும் இருந்தவர்கள் சில ஆண்டுகளாக டெல்டா வயலிலும் இறங்கிவிட்டார்கள். குறுவைக்கும் சம்பாவுக்கும் நாற்று பறித்து நடவு நட வங்காளத்திலிருந்து குழுவாக ஆண்கள் வருவது செய்தியாக இருந்த நிலை போய் வழக்கமாகிவிட்டது. இதை எதிர்ப்பவர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, ஊரின் மொழியும் இயல்பும் மாறிவிடும். தாராசுரத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்வது கொஞ்சம் கடினம். வீட்டுக்குள் ஒரு மொழி, கடைத்தெருவில் தமிழ் என்று வாழ்ந்து தமிழை வளப்படுத்தியவர்களின் ஊர் அது. இன்னொரு காரணம் கனமானது. நடவு டெல்டாவில் பெண்களின் வேலை, அதிலும் பெரும்பாலும் பட்டியல் சாதிப் பெண்களின் வேலை. ஏக்கருக்கு இவ்வளவு என்று குத்தகை பேசி விரைவாக முடித்துவிடும் வெளியூர்க் குழு, அவர்களுடைய பருவகாலக் கூலியைப் பறித்துவிடுகிறது என்ற குற்றச்சாட்டை நிலச்சுவான்தாரின் நிழலில் நின்று ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் அந்தக் கூலியை முதலில் தின்றது நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும்தான். ஊரில் வயது வந்த ஆள் குறைந்ததும், இருந்த பெண்கள் நூறு நாள் வேலைக்கும் நகரத்துக் கடைகளுக்கும் போனதும் அடுத்த காரணங்கள். வெளியூர்த் தொழிலாளியைத் துரத்தினால் அந்த வேலை உள்ளூர்ப் பெண்ணிடம் திரும்பி வராது; இயந்திரத்திடம் போகும். குறைந்தபட்சக் கூலியை இருவருக்கும் ஒன்றாக்குவதும், இடம்பெயர்ந்தோருக்கென 1979-லேயே இயற்றப்பட்டு ஏட்டில் கிடந்த பாதுகாப்புகளை நடைமுறைப்படுத்துவதுமே உள்ளூர்ப் பெண்ணுக்கும் காவல். மலிவாகக் கிடைக்கும் ஆள் இல்லையென்றால், அருகில் இருக்கும் ஆளை விட்டுவிட்டு யாரும் ரயிலேறி ஆள் தேடமாட்டார்கள். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, தமிழ்நாடே பதறிப்போய் மறுத்தது. அந்தப் பதற்றத்தில் ஓர் ஒப்புதல் இருந்தது: இவர்கள் போய்விட்டால் நம் வேலை நடக்காது.

வருகிறவர்கள் வந்தாலும், போகிறவர்கள் போனாலும், நகராமல் இருப்பவர்கள் முதியோர். இந்த வாதத்தின் மையம் இதுதான் என்பதால் சற்று நிற்க வேண்டும். 2011-இல் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2023-இல் பதினான்கு. 2031-இல் 18-ஐத் தாண்டும் என்பது மத்திய அரசின் வல்லுநர் குழு மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்த இடம். இது மாநிலச் சராசரி. இளைஞர்களை ஏற்றுமதி செய்யும் டெல்டாவில் அது இன்னும் கூடுதலாகவே இருக்கும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள், இதில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்று 2007-இல் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டி வந்தபோதே அந்த நம்பிக்கைக்குப் பதில் கிடைத்துவிட்டது. மனம் இருந்தாலும் கணக்கு ஒத்துவராது. இரண்டு பிள்ளைகளில் ஒருவர் வெளிநாடு, ஒருவர் சென்னை என்றால் பார்த்துக்கொள்வது என்பது பணம் அனுப்புவதாகச் சுருங்கிவிடுகிறது. பணம் சின்னதல்ல, 2015-இல் நடந்த தமிழ்நாடு குடிப்பெயர்வு ஆய்வின்படி வெளிநாட்டில் இருந்த தமிழ்நாட்டினர் 22 லட்சம் பேர், ஆண்டுக்கு அவர்கள் அனுப்பியது சுமார் 62 ஆயிரம் கோடி ரூபாய். ஆனால் குளியலறையில் வழுக்கி விழுந்த அறுபத்தெட்டு வயது மனிதரை வங்கிக் கணக்கு தூக்கிவிடாது. உள்ளூரிலேயே இருக்கும் குடும்பத்திலோ முழுச் சுமையும் மருமகள் தலையில். அவள் வேலைக்குப் போகாமல் நிற்பதை யாரும் செலவாக எழுதுவதில்லை.

நெசவுத் தெருக்களில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. கைத்தறி ஒரு குடும்பத் தொழில். இளையவர் தறியில் உட்கார்ந்தால் முதியவர் தார் சுற்றுவார், இழை எடுத்துக் கொடுப்பார், சரிகை பார்ப்பார். ஓய்வு வயது என்று ஒன்று அங்கே இல்லை. கண்ணும் கையும் உள்ளவரை வேலையும் இடமும் உண்டு. நாட்டின் கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை மூன்றாவது கைத்தறிக் கணக்கெடுப்பில், 2009-10-இல், 43.31 லட்சம், நான்காவதில், 2019-20-இல், 35.22 லட்சம். பத்தாண்டில் எட்டு லட்சம் பேர் தறியை விட்டிருக்கிறார்கள். திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் இதே காலத்தில்தான் என்பது வேடிக்கை. மகன் தறியை விட்டு மருந்து நிறுவனத்துக்கோ கணினி வேலைக்கோ போவது அவனுக்கு முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. அவன் போனதும் தந்தை வேலையை மட்டுமல்ல, வீட்டில் தனக்கிருந்த பயனையும் சேர்த்து இழக்கிறார். வயல் வேலையிலும் இதுதான் நடந்தது. களத்துமேட்டில் காவலுக்கும், மடை திருப்பவும் முதியவர் தேவைப்பட்ட காலம் அறுவடை இயந்திரத்தோடு முடிந்தது.

இவர்களுக்கு நாடு என்ன தருகிறது? முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரையிலானவருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2007-லும் இதே 200 ரூபாய்தான். அன்று 200 ரூபாய்க்குக் கிடைத்த அரிசியையும் பருப்பையும் இன்றைக்குக் கடையில் கேட்டுப் பார்க்கலாம். மீதியைப் போட்டு மாநில அரசு 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுக்கே சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைக் கொண்டுபோவதோடு இயன்முறைச் சிகிச்சையும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் தருகிறது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்றது. இந்தியாவில் இதற்கு இணையானதைக் காண்பது அரிது. ஆனால் மாத்திரை வேறு, பராமரிப்பு வேறு. குளிப்பாட்ட, உணவூட்ட, மருத்துவமனைக்கு அழைத்துப்போக, பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் என்பதை உரிமையாகவே ஆக்கிய நாடு ஒன்று தென் அமெரிக்காவில் இருக்கிறது. உருகுவே. தமிழ்நாட்டைவிடப் பரப்பில் பெரியது, மக்கள்தொகையோ சுமார் 35 லட்சம். நம் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தைவிட வெகு குறைவு. 2015-இல் ஏறக்குறைய 49 ஆயிரமாக இருந்த பிறப்புகள் 2023-இல் 31 ஆயிரமாகச் சரிந்தன. 2021 முதல் அங்கே பிறப்பைவிட இறப்பு அதிகம். பதின்வயதுக் கர்ப்பம் வெகுவாகக் குறைந்தது இதற்கு ஒரு காரணம் என்பதால், அங்குள்ளவர்கள் இதை முழுக்கத் துயரச் செய்தியாகவும் பார்க்கவில்லை. அந்த நாடு 2015-லேயே தேசியப் பராமரிப்பு அமைப்பு என்று ஒரு சட்டம் இயற்றி, பிறர் துணை இன்றி வாழ முடியாத முதியோர், மாற்றுத் திறனாளிகள், சிறு குழந்தைகள் ஆகியோரைப் பராமரிப்பதை அரசின் கடமையாகவும் பராமரிப்பவரைப் பயிற்சி பெற்ற தொழிலாளராகவும் அங்கீகரித்தது. போதிய நிதி இல்லை, பலருக்கு எட்டவில்லை என்று அங்கேயும் குறைகள் உண்டு. ஆனாலும் கேள்வியைச் சரியாகக் கேட்டார்கள்.

உருகுவே பணக்கார நாடு, நமக்கு எங்கே கட்டுப்படியாகும் என்று சொல்லலாம். உண்மைதான், தலைக்கு வருமானத்தில் அவர்கள் பல மடங்கு மேலே. அதற்காக நாமும் பணக்காரர் ஆகும்வரை முதுமை காத்திருக்காது. மேலும் இதில் செலவோடு வரவும் இருக்கிறது. நடவும் தறியும் இழந்த பெண்களுக்கு உள்ளூரிலேயே, ஊர்விட்டு ஊர் போகாமல் கிடைக்கக்கூடிய வேலை பராமரிப்புதான். அதை மகளிர் சுய உதவிக் குழுக்களின் வழியாகப் பயிற்சி கொடுத்து, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் சம்பளம் கொடுத்து, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி போன்ற ஊர்களில் முதலில் தொடங்கலாம். வெளிநாட்டுப் பிள்ளைகள் கட்டணம் தரத் தயாராக இருப்பார்கள். தர முடியாதவர்களுக்கு அரசு தர வேண்டும். குழந்தை பெறுங்கள் என்று சொல்வதற்குச் செலவில்லை என்பதால்தான் அது மேடையில் எளிதாக வருகிறதோ என்று தோன்றுகிறது.

இதற்கெல்லாம் முதல் தேவை சரியான கணக்கு. 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கிறது. பதினாறு ஆண்டு இடைவெளி. 1998 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் குடிப்பெயர்வைத் தானே ஆய்வு செய்யும் கேரளத்தைப் போல் தமிழ்நாடும் செய்ய வேண்டும். 2015-இல் ஒருமுறை செய்துவிட்டு விட்டுவிடக் கூடாது. அதுவரை கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வரும் நாள்தான் நமக்கு வாய்ப்பு. டெல்டா வாசகர்களுக்கு மூன்று வேண்டுகோள். துபாயில் இருக்கும் மகனைப் பாசத்தில் வீட்டுப் பட்டியலில் சேர்க்காதீர்கள். கணக்கெடுப்புக் காலம் முழுவதும் வெளியே இருப்பவரை இங்கே எழுதினால், தனியாக இருக்கும் உங்கள் முதுமை கணக்கில் மறைந்துவிடும். அரிசி ஆலையின் பின்கொட்டகையிலும் உணவகத்தின் மாடியிலும் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளியை மறைக்காதீர்கள். அவர் இங்கேதான் எண்ணப்பட வேண்டும், ரேஷனும் மருத்துவமனையும் அந்த எண்ணிக்கையை வைத்தே திட்டமிடப்படும். எதிர் வீட்டில் தனியாக இருக்கும் பெரியவருக்குக் கேள்வி காதில் விழவில்லையென்றால், அவர் பெயரும் வயதும் சரியாக எழுதப்படும்வரை கூட நில்லுங்கள்.